ஞாபகத்துக்கு வந்த கிராக்கி!

அரிசி விலை ஏறினால் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. தங்கம் விலை ஏறினால் ஊர் முழுவதும் அதே பேச்சு. 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் இன்னொரு சரக்கின் விலை ஏறியது. தங்கத்தைவிட வேகமாக ஏறியது. ஆனால் முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போனவர்களும், பழைய கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்தவர்களும்தான் திடுக்கிட்டார்கள்.

அந்தச் சரக்கின் பெயர் ரேம். கணினியின் ஞாபகப் பலகை.

அது ஒரு சிறிய பச்சைப் பலகை. ஒரு விரல் நீளம், இரண்டு விரல் அகலம். அதன் மேல் கறுப்பாக நாலைந்து சில்லுகள். இவ்வளவுதான் சாமான். அமெரிக்காவில் 2025-ம் ஆண்டு நடுவில், 32 ஜிபி அளவுள்ள புது ரக ரேம் ஒரு ஜோடி சுமார் 100 டாலருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு முடிவதற்குள் அது 300 டாலரைத் தாண்டிவிட்டது. ஆறே மாதத்தில் மூன்று மடங்கு!

நம் நாட்டிலும் அதே கதைதான். ரேம் சில்லு நமக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்தச் சமயத்தில் ரூபாயின் மதிப்பும் இறங்கியது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்ற எல்லையைத் தாண்டியது. சரக்கும் ஏறி, டாலரும் ஏறினால் வாங்குகிறவன் கதி என்ன? சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, டில்லி நேரு பிளேஸ் ஆனாலும் சரி, காலையில் சொன்ன விலை மாலையில் நிற்காத காலம் வந்துவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று? இனி இறங்குமா? பழைய மடிக்கணினிக்கு இப்போது ரேம் போடலாமா, கூடாதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அஞ்சறைப் பெட்டி

முதலில் ரேம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம்.

வீட்டில் பரண் இருக்கிறது. மூட்டை மூட்டையாக மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் சமைக்கும்போது ஒவ்வொரு தடவையும் பரண் ஏற முடியுமா? ஆகவே அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி வைத்திருக்கிறோம். கை நீட்டினால் கடுகு. கை நீட்டினால் சீரகம்.

கணினியிலும் அப்படித்தான். படம், பாட்டு, கடிதம் எல்லாம் கிடப்பது பரணில். அதை ஹார்ட் டிஸ்க் என்றும், புது ரகமானால் எஸ்எஸ்டி என்றும் சொல்கிறார்கள். அந்த நிமிஷத்தில் வேலைக்குத் தேவையானது மட்டும் அஞ்சறைப் பெட்டிக்கு வருகிறது. அதுதான் ரேம்.

அஞ்சறைப் பெட்டி சின்னதாக இருந்தால்? சமையல் செய்கிறவர் அடிக்கடி பரண் ஏற வேண்டும். சமையல் தாமதமாகும். ரேம் குறைவாக உள்ள கணினி திக்கித் திணறுவதன் காரணம் இதுதான். பிள்ளை ஆன்லைன் வகுப்பைத் திறந்து, பாடப் புத்தகத்தையும் திறந்து, கணக்குத் தாளையும் திறந்தால் கணினி அப்படியே நின்றுவிடுகிறது. "பழசாகிவிட்டது, புதுசு வாங்கு" என்கிறார்கள். பல சமயம் கணினி பழசாகவில்லை. பெட்டிதான் சின்னது.

பெட்டியைப் பெரிதாக்க முடியும். அதற்காகத்தான் ரேம் கூட்டுவது. பத்து நிமிஷ வேலை. புதுக் கணினி வாங்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத காலம் ஒன்று இருந்தது. அதனால்தான் இந்த விலையேற்றம் சாமான்யக் குடும்பங்களைத் தாக்குகிறது. பணக்காரன் புதுக் கணினி வாங்கிக்கொள்வான். பழையதை ஒட்டி ஒட்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் ரேம் தேவை.

ஓட்டைக் குடம்

ரேம் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

1966-ம் ஆண்டு ஐபிஎம் கம்பெனியில் ராபர்ட் டென்னார்ட் என்ற விஞ்ஞானிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு துளி மின்சாரத்தைப் பிடித்துவைக்க ஒரு குட்டிக் குடம். அதைத் திறக்க மூட ஒரு குட்டிக் கதவு. குடத்தில் மின்சாரம் இருந்தால் "1". இல்லாவிட்டால் "0". இதுதான் ஞாபகம். 1968-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் இன்டல் கம்பெனி இந்த வகைச் சில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் 1,024 குடங்கள் இருந்தன.

இன்று 8 ஜிபி ரேமில் எத்தனை குடங்கள் தெரியுமா? ஏறக்குறைய 6,870 கோடி!

ஆனால் எல்லாமே ஓட்டைக் குடங்கள். ஊற்றிய மின்சாரம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒழுகி முடிவதற்குள் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். ஒரு விநாடிக்குச் சுமார் 15 தடவை, ஒவ்வொரு குடத்தையும்! மின்சாரம் நின்றால் குடம் வறண்டுபோகும். எழுதிய கடிதத்தைச் சேமிக்காமல் கணினியை அணைத்தால் அது காணாமல் போவது இதனால்தான்.

இவ்வளவு நுட்பமான பொருளைச் செய்ய எத்தனை கம்பெனிகள் இருக்கின்றன? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

மூன்றே பேர்

ஒரு காலத்தில் அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி, கொரியா, தைவான் என்று பல நாடுகளில் இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் ரேம் சில்லு செய்தன. போட்டியில் ஒவ்வொன்றாக விழுந்தன. ஜெர்மனியின் கிமோண்டா 2009-ல் திவாலாயிற்று. ஜப்பானின் எல்பிடா 2012-ல் திவாலாயிற்று. மறு ஆண்டே அதை அமெரிக்காவின் மைக்ரான் வாங்கிக்கொண்டது.

மிஞ்சியவர்கள் மூன்று பேர். தென் கொரியாவின் சாம்சங். அதே நாட்டின் எஸ்.கே. ஹைனிக்ஸ். அமெரிக்காவின் மைக்ரான். உலகத்துக்கு வேண்டிய ரேம் சில்லுகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த மூவரிடமிருந்துதான் வருகிறது. சீனாவின் சிஎக்ஸ்எம்டி கம்பெனி நாலாவதாக வளர்ந்து வருகிறது.

ஊரில் மூன்றே மளிகைக் கடை. மூன்று கடைக்காரர்களும் ஒரே நாளில் வேறு வியாபாரத்தில் இறங்கினால் ஊர் என்ன செய்யும்? ஏறக்குறைய அதுதான் நடந்தது.

நெல் வயலில் கரும்பு

வேறு வியாபாரம் எது? செயற்கை நுண்ணறிவு.

கேள்வி கேட்டால் பதில் எழுதுகிறது, படம் வரைகிறது, மொழி பெயர்க்கிறது என்று எல்லோரும் பேசுகிறார்களே, அந்த யந்திரம். அது உங்கள் கைபேசிக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஓடுகிறது. அந்தக் கணினிகளுக்குப் பிரமாதமான ஞாபகசக்தி வேண்டும். சாதாரண ரேம் அதற்குப் போதாது. சில்லுகளை மாடி மேல் மாடியாக அடுக்கிச் செய்த தனி ரகம் வேண்டும். அதற்கு எச்பிஎம் என்று பெயர்.

சில்லு செய்வது சிலிக்கன் தட்டில். தோசைக்கல் அளவுள்ள வட்டத் தட்டு. குறுக்கே ஒரு அடி இருக்கும். அந்தத் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை வார்த்து வெட்டி எடுக்கிறார்கள். தொழிற்சாலையில் மாதத்துக்கு இத்தனை தட்டு என்று கணக்கு. அதற்கு மேல் ஓடாது.

எச்பிஎம் செய்யத் தட்டு அதிகம் பிடிக்கிறது. ஒரே அளவு ஞாபகத்தைச் சாதாரண ரேமாகச் செய்ய ஒரு தட்டு போதும் என்றால், எச்பிஎம்மாகச் செய்ய மூன்று தட்டு வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னது மைக்ரான் கம்பெனியே.

தஞ்சாவூர் விவசாயிக்கு இது விளங்கும். நெல் போட்ட வயலில் கரும்பு போட்டால் காசு அதிகம். ஆலைக்காரன் முன்பணமும் கொடுக்கிறான். வயல் அதே வயல்தான். ஆனால் ஊருக்கு அரிசி குறைந்துவிடும். சாம்சங்கும், ஹைனிக்ஸும், மைக்ரானும் நெல் வயலில் கரும்பு போட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. லாபம் வரும் பக்கம் வியாபாரி போவான்.

கரும்பாலைக்காரர்களின் பசியும் சாமான்யமானதல்ல. 2025 அக்டோபர் 1-ந் தேதி ஓபன்ஏஐ கம்பெனி சியோல் நகரில் சாம்சங், ஹைனிக்ஸ் இரண்டு கம்பெனிகளோடும் உத்தேச உடன்பாடு செய்துகொண்டது. மாதத்துக்கு 9 லட்சம் தட்டுகள் வரை தேவைப்படலாம் என்று அன்று தெரிவிக்கப்பட்டது. அவ்வளவும் உண்மையில் வாங்கப்படுமோ, படாதோ, செய்தி வந்ததுமே சந்தை சூடு பிடித்தது. மற்றவர்கள் "நமக்கு மிஞ்சாது" என்று முந்திக்கொண்டு வாங்கினார்கள். பதுக்கலும் நடந்தது. பஞ்சம் வரும் என்ற பயமே பாதிப் பஞ்சத்தைக் கொண்டுவந்துவிடும்.

பழைய ரக ரேமுக்கும் தப்பவில்லை. டிடிஆர்4 என்பது சென்ற தலைமுறை ரகம். நம் வீடுகளில் உள்ள மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். "இதைக் குறைத்துக்கொண்டு நிறுத்தப்போகிறோம்" என்று 2025-லேயே கம்பெனிகள் சொல்லிவிட்டன. புதியது கிடைக்கவில்லை, பழையதும் குறைகிறது. விலை வேறு எங்கே போகும்?

அடுத்து டிசம்பர் 3-ந் தேதி ஒரு செய்தி. மைக்ரான் கம்பெனி "குரூஷியல்" என்ற பெயரில் 29 ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு ரேம் விற்று வந்தது. பழுது பார்க்கும் கடைகளில் நல்ல பெயர் வாங்கிய சரக்கு. அந்தச் சில்லறை வியாபாரத்தையே 2026 பிப்ரவரியோடு முடித்துக்கொள்வதாகக் கம்பெனி அறிவித்தது. பெரிய வாடிக்கைக்காரர்களுக்குச் சரக்கு கொடுக்கவே போதவில்லையாம். ஒரு படி அரிசி வாங்க வருகிறவனை விட்டுவிட்டு, லாரி லாரியாக வாங்குகிறவன் பக்கம் திரும்பிவிட்டது கடை.

முன்பும் நடந்ததா?

நடந்தது. பல தடவை நடந்தது.

1993-ல் ஜப்பானில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை வெடித்தது. சில்லுக்கு மேல் பூசும் பிசின் அங்கேதான் தயாராயிற்று. உலகம் முழுவதும் ரேம் விலை துள்ளியது. 1999 செப்டம்பரில் தைவானில் பூகம்பம். மறுபடி துள்ளியது. 2013-ல் சீனாவில் ஹைனிக்ஸ் தொழிற்சாலையில் தீ. அப்போதும் அதே கதை.

இயற்கை மட்டுமல்ல, மனிதனும் விளையாடியிருக்கிறான். 1999 முதல் 2002 வரை சில கம்பெனிகள் தங்களுக்குள் கூடிப் பேசி விலையை நிர்ணயித்தன. அமெரிக்க அரசாங்கம் வழக்குப் போட்டது. இன்பினியான் 16 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஹைனிக்ஸ் 18½ கோடி டாலர். சாம்சங் 30 கோடி டாலர். சில அதிகாரிகள் ஜெயிலுக்கும் போனார்கள்.

விலை ஏறினால் கம்பெனிகள் புதுத் தொழிற்சாலை கட்டும். இரண்டு மூன்று ஆண்டில் சரக்கு குவியும். விலை சரியும். நஷ்டம் வரும். உற்பத்தியைக் குறைப்பார்கள். மறுபடி விலை ஏறும். இதுதான் இந்தத் தொழிலின் சக்கரம். 2023-ல் சக்கரம் அடியில் இருந்தது. சாம்சங்கின் சில்லுப் பிரிவுக்கு மட்டும் அந்த ஆண்டு நஷ்டம் ஏறக்குறைய 15 லட்சம் கோடி வோன். வோன் என்பது கொரியா நாணயம். சூடு கண்ட பூனை ஆனபடியால், புதுத் தொழிற்சாலை கட்ட அவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தின் நடுவில்தான் செயற்கை நுண்ணறிவின் பசி வந்து சேர்ந்தது.

ஒட்டிவிட்ட ஞாபகம்

விலையேற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு விஷயம் சத்தமில்லாமல் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

முன்பெல்லாம் மடிக்கணினியின் அடிமூடியில் நாலு திருகாணி. கழற்றினால் ரேம் பலகை தெரியும். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் தள்ளினால் பலகை தானாக எழும்பும். புதியதைச் சாய்த்துச் செருகி அமுக்கினால் "கிளிக்" என்று சத்தம். வேலை முடிந்தது.

இப்போது வருகிற மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையே கிடையாது. சில்லுகளைத் தாய்ப்பலகையோடு ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். வாங்கிய அன்று 8 ஜிபி என்றால், குப்பைக்குப் போகும் நாள் வரை 8 ஜிபிதான்.

கம்பெனிகள் காரணம் சொல்கின்றன. கணினி மெலிதாகிறது, பாட்டரி அதிக நேரம் வருகிறது, வேகமும் கூடுகிறது. இது பொய்யல்ல. சில்லு அருகில் இருந்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் முழுக் காரணமும் அதுவா? ஆப்பிள் கம்பெனி பல ஆண்டுகளாகத் தன் மாக்புக்கில் 8 ஜிபி கூடுதலாக வேண்டுமென்றால் 200 டாலர் வாங்கியது. இந்தியாவில் 20,000 ரூபாய். அதே அளவு ரேம் பலகை அப்போது வெளிக்கடையில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கிடைத்தது. பின்னால் கூட்ட வழியில்லை என்றால் முன்னாலேயே கேட்ட விலையைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? கணினி மெலிந்தது, கூடவே நம் பையும் மெலிந்தது.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. கேம்2 என்ற புது வகைப் பலகைக்கு 2023 டிசம்பரில் உலகப் பொது அளவு வகுக்கப்பட்டது. ஒட்டாமல் திருகாணியால் பொருத்துவது. மெலிதாகவும் இருக்கும், கழற்றவும் முடியும். 2024-ல் லெனோவோ கம்பெனி ஒரு கணினியில் இந்த வகையைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் மலிவு ரகக் கணினிகளுக்கு அது இன்னும் பரவவில்லை.

அரசாங்கங்களும் விழித்திருக்கின்றன. பிரான்ஸில் 2021 முதல், மடிக்கணினி விற்கும்போது "இது பழுது பார்க்க எவ்வளவு சுலபம்" என்று பத்துக்கு இத்தனை மார்க் என எழுதிக் காட்ட வேண்டும். நம் மத்திய அரசாங்கமும் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தது. ஆனால் பிரான்ஸைப் போல் மார்க் போட்டு விற்கும் சட்டம் இங்கே வந்தால்தான் கடையில் நிற்கிற தாய் தகப்பனுக்கு உபயோகம். பெட்டியின் மேல் "ரேம் கூட்ட முடியும்" அல்லது "முடியாது" என்று இரண்டு வார்த்தை தமிழில் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

வாங்குவதற்கு முன்

சரி, வீட்டில் ஒரு மடிக்கணினி திணறுகிறது. என்ன செய்யலாம்?

முதலில் நோய் எது என்று பாருங்கள். விண்டோஸ் கணினியானால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பாமன்ஸ் என்ற பகுதியில் மெமரி என்று இருக்கும். வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்துவைத்துக்கொண்டு பாருங்கள். ரேம் நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பியிருந்தால் பெட்டி சின்னது. பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் கணினி தூங்குகிறது என்றால் நோய் வேறு. ரேம் போட்டுப் பயனில்லை. பழைய சுற்றும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியானால், அதை மாற்றி எஸ்எஸ்டி போடுவதே முதல் மருந்து.

அதே இடத்தில் எத்தனை துளை இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். இரண்டில் ஒன்று காலி என்றால் அதிர்ஷ்டம். பழையதை எறியாமலே இன்னொன்று சேர்க்கலாம். "ரோ ஆப் சிப்ஸ்" என்று காட்டினால் சில்லை ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். சில கணினிகளில் ஒட்டியதோடு ஒரு துளையும் இருக்கும். ஆகவே மாடல் எண்ணைச் சொல்லிக் கடைக்காரரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரகம் முக்கியம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் வெவ்வேறு. ஒன்றின் துளையில் மற்றது போகாது. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். பலவந்தமாக அமுக்கினால் துளை உடையும். மேஜைக் கணினிப் பலகையும் மடிக்கணினிக்கு ஆகாது. அது இரட்டிப்பு நீளம்.

எவ்வளவு வேண்டும்? பாடம் படிக்க, கடிதம் எழுத, படம் பார்க்க 8 ஜிபி போதும். தமிழக அரசு 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினியிலும் 8 ஜிபிதான். 4 ஜிபி வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையான கஷ்டம். அவர்கள் 8-க்குப் போனால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். 8-லிருந்து 16 என்பது பெரிய படம் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும், இன்ஜினியரிங் மாணவர்களுக்கும். மற்றவர்கள் இந்த விலையில் அவசரப்பட வேண்டாம் என்பேன்.

இன்னொரு எச்சரிக்கை. மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பை நிறுத்திவிட்டது. ரேம் கூட்டினால் விண்டோஸ் 11 ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குப் புது ரகப் பிராசசர் வேண்டும். பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அதற்குக் காசு கிடையாது. 4 ஜிபியிலும் நடக்கும்.

பழைய ரேம் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ரேம் சுலபத்தில் கெடுகிற சாமான் அல்ல. கடையிலேயே போட்டு, ஓட்டிப் பார்த்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விலை ஏறிய நாளில் போலிச் சரக்கும் புழங்கும். 8 ஜிபி என்று காகிதம் ஒட்டியிருப்பது போதாது. கணினியின் திரையும் 8 என்று சொல்ல வேண்டும்.

எப்போது இறங்கும்?

புதுத் தொழிற்சாலைகள் எழும்புகின்றன. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மைக்ரான் கட்டும் தொழிற்சாலையில் 2027 நடுவில் முதல் தட்டு வரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. கொரியாவிலும் வேலை நடக்கிறது. நம் நாட்டில் குஜராத்தின் சனந்தில் மைக்ரானுக்காக 22,516 கோடி ரூபாய்த் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது சில்லைப் பொதிந்து சோதிக்கும் ஆலை. சில்லை வார்க்கும் ஆலை அல்ல. தட்டு வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே சனந்தில் ஆலை ஓடினால் உள்ளூரில் ரேம் மலிந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

தொழிற்சாலை திறந்த மறுநாளே சரக்கு குவியாது. யந்திரங்களைச் சீராக்கவே பல மாதம் பிடிக்கும். தட்டில் தொடங்கிய சில்லு கடைக்கு வர மேலும் சில மாதம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் 2027 முடிவதற்குள் பழைய விலையை எதிர்பார்க்க முடியாது. இடையில் செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டால் மட்டும் விலை முன்கூட்டியே இறங்கும். வருகிற ஜூனில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கிறவர்கள் அதற்காகக் காத்திருக்க முடியாது. அவர்கள் புதுக் கணினி வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் இன்னொன்றைக் கேட்கட்டும்: "இதில் ரேம் கூட்டத் துளை இருக்கிறதா?" இருந்தால் இப்போது 8 ஜிபியோடு வாங்கி, விலை இறங்கிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.